சிங்கப்பூரும் இணையத் தமிழும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டி அமைந்துள்ள நிலத்தடி இரயில் நிலையம் 2003-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அதன் பெயர் தமிழெழுத்திலும் பொறிக்கப்பட்டிருத்தலை அங்குச் சென்றோர் கண்டிருப்பர். மக்கள் தேக்கா என்று வழங்கும் அப்பகுதியில் பூக்கடையும் மளிகைக் கடையும் நகைக் கடையும் நெருங்கி நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமிழகத்திலிருந்து வந்து உழைக்கும் தொழிலாளர் பெருந்திரளாக அங்கே கூடுகின்றனர். அவர்தம் கையிலுள்ள தொலைபேசியில் தமிழ் எழுத்து ஓடுகிறது. அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்ததா என்று ஊரிலிருப்போரைத் தமிழிலேயே கேட்கின்றனர்; தமிழிலேயே விடை பெறுகின்றனர். இங்கே எழுதிய எழுத்து எழுதியவாறே அங்கே தோன்றுகிறது.

இதில் வியத்தற்கு என்ன உளது என்று இன்றைய மாணவர் வினவலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இஃது எளிதில் நடவாத செயல். ஒரு கணினியில் அடித்த தமிழ் மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகச் சிதறிக் கிடந்த காலம் அது. அந்நிலை மாறுதற்குப் பல நாட்டுத் தமிழர் உழைத்தனர். அவ்வுழைப்பின் தொடக்கத்திலும் திருப்புமுனைகளிலும் சிங்கப்பூரின் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர்ப் பரப்பே உடைய அத்தீவில் தமிழ் பேசுவோர் தொகையும் சிறிதே. சிறு நாடு ஒன்றின் சிறுபான்மை மொழி, உலகத் தகவல் வலையில் முன்வரிசையில் இடம் பெற்றது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சும் தட்டச்சும்

தமிழ் எழுத்து புதிய கருவி ஒன்றில் ஏறும்போதெல்லாம் பெரும்பாலும் கடல்வழித் தொடர்புடைய ஊர்களிலேயே ஏறியுள்ளது. 1578-ஆம் ஆண்டில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது கொல்லம் என்னும் துறைமுக நகரில். சிங்கப்பூரும் துறைமுகமே. அங்கு 1875-இல் 'சிங்கை வர்த்தமானி' என்னும் தமிழ் இதழ் தோன்றிற்று. 1887-ஆம் ஆண்டு சூன் திங்களில் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் தம் தீனோதய இயந்திர சாலையினின்று 'சிங்கை நேசன்' என்னும் வார இதழை வெளியிடத் தொடங்கினார். வாணிகச் செய்தியும் உலகச் செய்தியும் ஊர்ச் செய்தியும் கடல்கடந்த தமிழர்க்குத் தம் மொழியிலேயே கிட்டின. 1935-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள் கோ. சாரங்கபாணி அவர்களின் முயற்சியால் 'தமிழ் முரசு' பிறந்தது. தொடக்கத்தில் அதன் விலை ஒரு காசு. உழைத்துண்ணும் எளியவனும் செய்தி அறிதல் வேண்டும் என்னும் கருத்து அவ்விலையிலேயே அடங்கியுள்ளது. தகவல் அனைவர்க்கும் உரியது என்று இன்று உலக அரங்குகளில் எழும் குரலுக்கு அந்த ஒரு காசும் ஒரு முன்னோடி எனலாம்.

தட்டச்சுப் பொறியின் வரலாறும் இவ்வட்டாரத்தோடு தொடர்புடையதே. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயா சிங்கப்பூர்ப் பகுதியில் பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்கள், தமிழுக்கு ஏற்ற விசைப்பலகை ஒன்றை வகுத்தார். அவர் வகுத்தவாறு செருமனியில் பொறிகள் செய்யப்பெற்றன. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். பொறியில் உள்ள விசைகளோ ஐம்பதிற்கும் குறைவு. இவ்விடுக்கணைத் தீர்க்க அவர் கையாண்டது நகரா விசை. புள்ளியை அடித்தால் தாள் நகராது நிற்கும். அடுத்துக் ககரத்தை அடித்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திக் ககர மெய்யாகும். எழுத்துகள் அனைத்தையும் தனித்தனியே வைக்க வேண்டுவதில்லை, உறுப்புகளை வைத்தால் எழுத்தை ஆக்கிக்கொள்ளலாம் என்பதே இதன் அடிப்படை. இவ்வுண்மையை நினைவில் இருத்துக. கணினி வந்தபோதும் இதே 247 எழுத்துச் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது.

சட்டம் அளித்த இடம்

கருவி மட்டும் மொழியை வாழ்விப்பதில்லை. அதற்கு அரசில் இடம் வேண்டும். சிங்கப்பூரில் அவ்விடம் எளிதாகக் கிட்டவில்லை. 1956-ஆம் ஆண்டு அனைத்துக் கட்சிக் குழு ஒன்று, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கு மொழிக் கல்விக்கும் ஒத்த மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அக்காலத்தே சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தபோது, தமிழே அதன் மொழியாதல் வேண்டும் என்று சாரங்கபாணி அவர்கள் விடாது வாதாடினார். அத்துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்குதற்குத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 1965-ஆம் ஆண்டு சிங்கப்பூர் தனிக் குடியரசானபோது, மலாய், மாண்டரின் சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள் எனச் சட்டம் வகுத்தது.

இச்சட்டத்தின் பயன் முப்பது ஆண்டுகள் கழித்து எதிர்பாராத இடத்தில் வெளிப்பட்டது. எவ்வாறெனின், ஓர் அரசு தன் மக்களுக்கு நான்கு மொழிகளில் பேசக் கடமைப்பட்டிருப்பின், புதிதாக வரும் ஒவ்வொரு கருவியிலும் நான்கு மொழிகளும் இயங்க வேண்டும். ஆங்கிலம் கணினியில் இயல்பாகவே இயங்கிற்று. மலாய் மொழி உரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் அதற்கும் இடரில்லை. சீனத்திற்குச் சீனமும் தைவானும் பெருமுயற்சி செய்து வந்தன. எஞ்சி நின்றது தமிழ். மற்ற மூன்றும் ஏறிவிட்ட வண்டியில் தமிழ் ஏறாது நின்றால், சட்டம் ஏட்டளவிலேயே நிற்கும். ஆகவே பல நாடுகளில் ஆர்வலர் சிலரின் ஓய்வு நேர முயற்சியாக இருந்த தமிழ்க் கணினிப் பணி, சிங்கப்பூரில் நாட்டின் ஒழுங்கோடு பிணைந்த பணியாயிற்று. இவ்வேறுபாடே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

காலமும் இதற்குத் துணை செய்தது. 1981-இல் தேசியக் கணினி வாரியத்தை அமைத்த சிங்கப்பூர், 1992-இல் 'ஐடி 2000' என்னும் திட்டத்தை வெளியிட்டு, நாட்டை அறிவார்ந்த தீவாக்குவோம் என்று அறிவித்தது. 1994-இல் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு கிட்டிற்று. இந்தியாவில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளில்தான். இம்முயற்சியில் வாணிக நோக்கமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கப்பல் நின்று செல்லும் துறைமுகமாய் வாழ்ந்த நாடு, தகவல் நின்று செல்லும் துறைமுகமாகவும் விரும்பிற்று. அவ்விருப்பம் நான்மொழிச் சட்டத்தோடு கூடியபோது தமிழுக்கு நன்மை விளைந்தது.

கணியன் கண்ட வழி

இவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டவர் ஒரு தமிழாசிரியர் என்பது ஆசிரிய உலகம் பெருமை கொள்ளற்குரிய செய்தி. நா. கோவிந்தசாமி அவர்கள் 1946-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராயிருந்து, பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றினார். சிறுகதையும் புதினமும் படைத்தவர். 1994-ஆம் ஆண்டு தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். கணினிப் பொறியியல் கற்றுத் தேர்ந்தவர் அல்லர். எனினும் வகுப்பறையில் தமிழ் எழுதக் கணினி இல்லையே என்னும் குறை அவரை வாளாவிருக்க விடவில்லை. அவர் உருவாக்கிய தமிழ் மென்பொருளுக்குக் 'கணியன்' என்று பெயரிட்டார். கணித்தல் என்னும் தொழிலையும், எல்லா ஊரையும் தம் ஊராகக் கொண்ட சங்கப் புலவர் பூங்குன்றனாரையும் ஒருங்கே நினைவூட்டும் பெயர் அது. 'இணையம்' என்னும் சொல்லை ஆக்கித் தந்தவரும் அவரே என்பர். இணைதல் என்னும் வினையினின்று பிறந்து, இன்று நம் நாவில் இயல்பாகப் புழங்கும் அச்சொல், தகுந்த சொல்லாக்கத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு.

அந்நாளில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழகத்தில் இணைய ஆராய்ச்சி வளர்ச்சிப் பிரிவு ஒன்று இயங்கி வந்தது. அதனை வழிநடத்தியவர் தான் டின் வீ என்னும் சீனர், உயிர்வேதியியல் அறிஞர். லியோங் கோக் யோங் முதலியோர் அவருடன் பணியாற்றினர். தமிழறியாத அவர்களும் கணினிப் பொறியியல் கல்லாத கோவிந்தசாமியும் கைகோத்தனர். 1995-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டன. குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கி வைத்தார். தமிழ் எழுத்திலமைந்த முதல் இணையப் பக்கம் அதுவே என்று தமிழ்க் கணினி வரலாறு எழுதுவோர் குறிப்பர். விளம்பரமோ வாணிகப் பட்டியலோ அன்றிக் கவிதையே முதலிடம் பெற்றது. அதனினும் சிறப்பு, தமிழ் தனியே ஏறாமல், ஒரு நாட்டின் நான்கு மொழிகளுள் ஒன்றாக, ஒரே நாளில், ஒரே மேடையில் ஏறியமை.

ஓர் எழுத்து, பல எண்

இனி, அக்காலத்துப் பெருஞ்சிக்கலைக் காண்போம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்ணே தெரியும். ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண்ணைக் குறித்து வைத்து, அவ்வெண் வந்தால் அவ்வெழுத்தைத் திரையில் வரைகிறது. இவ்வாறு எண் குறிக்கும் முறையைக் குறிமுறை என்கிறோம். அன்றைய கணினிகளில் இருந்த இடம் 256. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்கு உரியதாகிவிட்டது. எஞ்சிய 128 இடங்களுள் தமிழை அடக்க வேண்டும். முத்தையா அவர்கள் விசைகளில் கண்ட இடுக்கணே ஈண்டும் எழுந்தது. உறுப்புகளைப் பிரித்து வைத்துத்தான் அடக்க முடிந்தது.

அடக்கியவர் ஒருவர் அல்லர், பலர். மென்பொருள் செய்த ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு எண் குறித்தனர். ஒருவர் ககரத்திற்கு இட்ட எண்ணை மற்றொருவர் மகரத்திற்கு இட்டிருப்பார். ஆகவே ஒருவர் எழுதிய கடிதத்தைப் படிக்க அவருடைய எழுத்துருவையே நாமும் வைத்திருத்தல் வேண்டும்; இன்றேல் கடிதம் குறிகளின் குவியலாகத் தோன்றும். அச்சிட்ட நூல் ஒன்றைப் படிக்க அச்சகத்தாரின் கண்ணாடியையே அணிய வேண்டும் என்று விதித்தால் எப்படியிருக்கும்! சென்னையில் எழுதியதைக் கோலாலம்பூரிலும், யாழ்ப்பாணத்தில் எழுதியதைத் தொராண்டோவிலும் படிக்க முடியாத நிலையில், உலகத் தமிழர் ஒருங்கிணைவது எவ்வாறு?

இச்சிக்கல் தீர அறிவு மட்டும் போதாது, உடன்பாடு வேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை ஆக்கியிருந்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கி வந்தார். தமிழகத்தில் வேறு பல முறைகள் வழங்கின. ஒவ்வொரு முறைக்கும் உழைத்தவரும் பயன்படுத்துவோரும் இருந்தனர். யார் தம் முறையைக் கைவிடுவார்? இந்நிலையில் 1997-ஆம் ஆண்டு மே திங்களில் கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால் 'தமிழ்நெட் 97' என்னும் கருத்தரங்கு சிங்கப்பூரில் கூடிற்று. தமிழ்க் கணிமை பற்றிப் பன்னாட்டு அறிஞர் கூடிப் பேசிய இணைய மாநாடுகளின் வரிசை அதிலிருந்தே தொடங்குகிறது.

அடுத்த மாநாடு 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. அதன் பயனாகத் தமிழ்நாட்டு அரசு 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையையும், 'டாம்', 'டாப்' என்னும் குறிமுறைகளையும் ஏற்றது. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் முதலிய பலர் கூடி வகுத்த 'திஸ்கி' என்னும் முறையும் வெளிநாட்டுத் தமிழரிடையே பரவிற்று. அவ்வாண்டு மே திங்களில் கோவிந்தசாமி மறைந்தார். தாம் நட்ட மரம் காய்ப்பதை முழுதும் காணாது போனமை வருந்தத்தக்கது.

2000-ஆம் ஆண்டு சூலையில் மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் நிறுவப்பட்டது. 'உத்தமம்' என்பது அதன் சுருக்கப் பெயர். தமிழகத்துக் கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் தலைவராகவும், சிங்கப்பூரைச் சேர்ந்த அருண் மகிழ்நன் செயல் இயக்குநராகவும் பொறுப்பேற்றனர். அதன் பின்னர்க் கோலாலம்பூர், சான்பிரான்சிஸ்கோ, சென்னை என மாநாடு ஊர்தோறும் சென்றது. 2004-இலும் 2015-இலும் சிங்கப்பூருக்கே திரும்பிற்று.

ஏன் சிங்கப்பூர்? தமிழகம் தமிழின் தாயகம்; மக்கள் தொகையும் இலக்கிய வளமும் அங்கே உள்ளன. ஆயினும் அங்கு எடுக்கும் முடிவு அவ்வரசின் ஆணையாகவே பிற நாட்டார்க்குத் தோன்றும். இலங்கையோ அன்று போரில் வெந்து கொண்டிருந்தது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. ஆனால் அந்நாடு தமிழின்மீது தலைமை உரிமை கொண்டாடும் நிலையில் இல்லை. பெரியவர் வீட்டில் பேசித் தீராத வழக்கு, பொதுச் சாவடியில் பேசித் தீர்வதுண்டு. அச்சாவடியாகவே சிங்கப்பூர் அமைந்தது. சிறுமையே அதற்கு வலிமையாயிற்று.

இவ்விடத்து நடுநிலை பிறழாது ஒன்று கூறல் வேண்டும். இன்று நம் தொலைபேசியில் இயங்குவது டாமும் அன்று, டாபும் அன்று, திஸ்கியும் அன்று. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறியே இயங்குகிறது. 1991-இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இந்திய அரசின் குறிமுறையைப் பின்பற்றி அது வகுக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டு கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றது. அங்ஙனமாயின் சிங்கப்பூரில் கூடியவர் உழைப்பு வீணோ? அன்று. ஏட்டில் இருந்த குறிமுறை மக்கள் கைக்கு வருதற்குப் பல்லாண்டுகள் ஆயின. அவ்விடைக்காலத்தில் தமிழை இணையத்தில் உயிரோடு வைத்திருந்தவையும், பன்னாட்டுத் தமிழறிஞர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் பழக்கத்தை வளர்த்தவையும் இம்மாநாடுகளே.

பெயர் வைக்கும் உரிமை

இணையத்தில் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு முகவரி உண்டு. தொடக்கத்தில் அம்முகவரி ஆங்கில எழுத்தில் மட்டுமே அமையக்கூடியதாக இருந்தது. வீட்டினுள் தமிழில் பேசலாம். வாயிற்பலகையைத் தமிழில் எழுதுதல் கூடாது என்பது போன்ற நிலை. இக்குறையை நீக்கும் கருத்து 1996-இலேயே ஐரோப்பாவில் எழுந்தது. அதனைச் செயற்படுத்தி இயங்கும் அமைப்பாகக் காட்டியவருள் முன்னணியில் நின்றவர், முன்னே கூறிய தான் டின் வீயும் அவர்தம் சிங்கப்பூர்க் குழுவினருமே. 1998-ஆம் ஆண்டு அவர்கள் ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் முகவரி இயங்கும் எனச் செய்து காட்டினர்.

அதன் வழிமுறை சுவையானது. பயன்படுத்துவோர் தம் எழுத்தில் முகவரியை எழுதுவர். கணினி அதனை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு மறைபெயராக மாற்றி வலையில் செலுத்தும். பழைய வலையைக் குலைக்காமலே புதிய எழுத்துகளுக்கு வழி பிறந்தது. 2003-ஆம் ஆண்டு இதற்கான உலகப் பொது விதி வகுக்கப்பட்டது. நாட்டுப் பெயர்களும் தத்தம் எழுத்தில் வரலாயின. 2010-இல் இலங்கை என்னும் பெயரும், 2011-இல் சிங்கப்பூர், இந்தியா என்னும் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே முகவரியின் ஈற்றில் நிற்கும் உரிமை பெற்றன. மூன்று நாடுகளின் பெயர்களை உலக வலை தமிழில் ஏற்றுக்கொண்டது என்பது சிறிய செய்தி அன்று.

உலக அரங்கில்

இவ்வரலாறு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 2003-ஆம் ஆண்டு டிசம்பரில் செனீவாவிலும் 2005-ஆம் ஆண்டு நவம்பரில் தூனிசிலும் ஐக்கிய நாட்டவையின் சார்பில் தகவல் சமுதாயம் பற்றிய உலக உச்சி மாநாடு கூடிற்று. மக்கள் அனைவரையும் உள்ளடக்கிய தகவல் சமுதாயம் அமைத்தல் வேண்டும், அதில் பல மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் இடம் வேண்டும் என்று செனீவா அறிக்கை வலியுறுத்திற்று. 2003 அக்டோபரில் யுனெஸ்கோவும் இணையவெளியில் பன்மொழிப் பயன்பாடு பற்றிப் பரிந்துரை ஒன்றை நிறைவேற்றியிருந்தது. உலகம் கொள்கையாக எழுதிய காலத்திற்கு எட்டாண்டுகள் முன்னரே, நான்மொழிக் கவிதையை இணையத்தில் ஏற்றிய சிறு தீவு அதனைச் செயலாகத் தொடங்கியிருந்தது.

சிறு நாடுகள் படையாலும் பணத்தாலும் உலகை ஆள முடியாது. விதிகள் வகுக்கப்படும் இடத்தில் அமர்ந்து, பிறரையும் அமரச் செய்தலே அவற்றிற்கு இயன்ற வழி. சிங்கப்பூர் 1992-ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டவையில் சிறு நாடுகள் மன்றத்தைத் தொடங்கிற்று. 2020-ஆம் ஆண்டு நியூசிலாந்து, சிலி ஆகியவற்றுடன் மின்னிலக்கப் பொருளாதார உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டது. அனைவரையும் உள்ளடக்குதல் என்பது அவ்வுடன்படிக்கையின் ஒரு பகுதியாகும். தமிழ் இணைய மாநாடுகளும் இதே இயல்பின் மற்றொரு முகமே. எளியோர் கூடினால் விதி வகுக்கலாம் என்பதே இவை உணர்த்தும் பாடம்.

எஞ்சி நிற்கும் கடன்

நிற்க. கருவி கிட்டியது, விதி அமைந்தது, பெயர்ப்பலகையும் தமிழில் எழுதப்பட்டது. மொழி வாழ்ந்துவிட்டதா? சிங்கப்பூரின் மக்கள் தொகைக் கணக்கு வேறொரு செய்தி கூறுகிறது. வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவதாகக் கூறிய குடியிருப்போர், 2010-ஆம் ஆண்டில் 100-க்கு 3.3 பேர், 2020-ஆம் ஆண்டில் 2.5 பேர். அதே 2020-ஆம் ஆண்டில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 100-க்கு 48 பேர். கணினியில் தமிழுக்கு இடம் தேடியலைந்த காலத்தில் வீட்டில் இடம் இருந்தது. கணினியில் இடம் கிடைத்த காலத்தில் வீட்டில் இடம் குறைகிறது. இதனினும் கவலைக்குரிய முரண் வேறுண்டோ!

மற்றொரு நிகழ்ச்சியும் எண்ணத்தக்கது. 2017-ஆம் ஆண்டு தேசிய நாளையொட்டி வழங்கப்பெற்ற துண்டறிக்கை ஒன்றில் தமிழ்த் தொடரின் எழுத்துகள் சிதறி, பொருளற்றதாய் அச்சாயிற்று. வெளியிட்டோர் வருத்தம் தெரிவித்தனர். தமிழெழுத்தின் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்க்கத் தெரியாத மென்பொருள் வழியே சென்றால் தமிழ் இவ்வாறு சிதறுவதுண்டு. சட்டம் இருந்தது, குறிமுறையும் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் பார்த்து, இது தமிழன்று என்று சொல்லும் ஒரு கண் அங்கில்லை. அந்தக் கண்ணைத் தருவது பொறியன்று, பள்ளி.

நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமல் இல்லை. தமிழகம், ஈழம், பிற நாடுகள் எங்கணும் ஆர்வலர் நூல்களை மின்வடிவாக்கி வருகின்றனர். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் தொடங்கிய ஈழத்து நூலகத் திட்டமும் நாம் நன்கறிந்தவை. சிங்கப்பூரிலும் நாடு விடுதலை பெற்று ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 2015-இல், அவ்வைம்பது ஆண்டுகளில் வெளியான தமிழிலக்கிய நூல்களுள் ஏறத்தாழ 350 மின்வடிவாக்கப்பட்டுத் தேசிய நூலக வாரியத்தின் வாயிலாக மக்களுக்கு வழங்கப்பட்டன. அருண் மகிழ்நன் அவர்களின் முயற்சியில் தொண்டர் பலர் கூடிச் செய்த பணி அது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏஐ சிங்கப்பூர் என்னும் தேசியத் திட்டத்தினர் 'சீ லயன்' என்னும் செயற்கை நுண்ணறிவு மொழிப்படிமத்தை வெளியிட்டனர். தென்கிழக்காசிய மொழிகளுக்கென அமைந்த அதில் தமிழும் சேர்க்கப்பட்டுள்ளது. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் இன்றும் தமிழைக் காக்கின்றது என்பதற்கு இதுவும் சான்று.

ஆயினும் இப்புதிய பொறி பழைய பொறியினின்று வேறுபட்டது. தட்டச்சுப் பொறிக்கு எழுத்து போதும். கணினிக்கு எண் போதும். இந்தப் பொறிக்கோ மக்கள் எழுதிய உரைநடை மலைமலையாக வேண்டும். எழுதியவற்றைப் படித்தே அது மொழியைக் கற்கிறது. தேக்காவின் பேச்சும், சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளையின் நகைச்சுவையும், கட்டுமானத் தொழிலாளியின் ஏக்கமும் தமிழில் எழுதப்படாவிடின் அப்பொறி அவற்றை அறியாது. அறியாதவற்றை அது பிறர்க்குச் சொல்லவும் செய்யாது. உலகத் தகவல் வலையில் இடம் பெறுவது வேறு. அவ்விடத்தில் அமர்ந்து பேசுவது வேறு. முன்னதை முன்னோர் பெற்றுத் தந்தனர். பின்னது நம் கடன்.

சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் உள்ளது. தமிழ் பயிலும் பிள்ளைகள் அங்கு வந்து செல்கின்றனர். அப்பிள்ளைகளுள் ஒருவர் இன்று எழுதும் ஒரு பக்கக் கட்டுரையில் பிழை இருக்கலாம். ஆங்கிலச் சொல் கலந்திருக்கலாம். சிவப்பு மையால் திருத்துவது ஆசிரியர் கடமையே. திருத்தியபின் அதனைக் குப்பையில் இடாது, அவர் கையாலேயே கணினியில் ஏற்றச் செய்து, நண்பர்க்கும் உறவினர்க்கும் அனுப்பச் செய்வோமாயின், கோவிந்தசாமி என்னும் ஆசிரியர் 1995-இல் தொடங்கிய பணியை நாமும் ஓர் அடி முன்னெடுத்துச் சென்றவராவோம். அவர் காலத்தில் எழுத விரும்பியோர் இருந்தனர், எழுதக் கருவி இல்லை. இன்று கருவி ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. எழுத விரும்புவோரை ஆக்கித் தருவது தமிழாசிரியர் கையில் இருக்கிறது.